கடல் தண்ணியில வளர்ற காட்டு நெல்லு இருக்கே, அத நம்ம வயல்ல போட்டா என்ன?

மியன்மார் ஐராவதி டெல்டாவுல பியாபோன் பக்கத்துலேருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அப்பாவோட வயல் ஆறு ஏக்கர், ஆத்து வாய்க்கா ஓரம், நாலு வருஷமா ஜூன் மாசம் நாத்தங்கால்ல நாத்து நுனி வெளுத்து கருகிப் போகுது, தப்பிச்சத வச்சு மோ ஸபா, அதாவது மழைக்கால நெல்லு, எப்படியோ எடுத்துடுறாங்க, ஆனா அறுப்புக்கு அப்புறம் போடுற உளுந்து பாதிகூட தேறல. அதே வாய்க்கா கரையில நெல்லு மாதிரியே ஒரு புல்லு கடல் ஏறி வர்ற ஓதத்துல தினம் ரெண்டு வேளை முங்கி எந்திரிச்சும் பச்சைப்பசேல்னு நிக்குதாம். அதோட விதைய எடுத்து போட்டா வருமா, இல்ல அதோட குணத்த நம்ம நெல்லுல ஏத்தின விதை எங்கயாவது விக்குதா, உரக்கடையில ஜிப்சம் போடச் சொல்றாங்களே போடலாமான்னு மூணு கேள்வி.

தம்பி, மூணா கேட்டிருந்தாலும் அடியில இருக்குறது ஒரே கேள்விதான்னு எனக்கு படுது: உப்ப பத்தி நெனைக்காமலே விதைக்கிற மாதிரி ஒரு விதை இருக்கா? அப்படி ஒரு விதை இல்ல. உப்புக்கு ரெண்டு மூணு வாரம் கூடுதலா தாக்குப்பிடிக்கிற விதை இருக்கு, அந்த ரெண்டு மூணு வாரத்துக்குள்ள நல்ல தண்ணி வந்து சேர்ற மாதிரி நீங்க வேலை செஞ்சா வயல் பொழைக்கும். இத ஏன் இவ்வளவு உறுதியா சொல்றேன்னு விளக்கணும்னா கொஞ்சம் நீளமா எழுதணும், பொறுத்துக்குங்க. நான் யெஸின்ல, மியன்மாரோட வேளாண் பல்கலைக்கழகமும் ஆராய்ச்சி நிலையமும் இருக்குற ஊர்ல, வேளாண்மை படிச்சவன், சொந்த ஊர் தட்டோன், ஆனா வேலை பாத்தது முக்காவாசி கீழ் டெல்டாவுலதான், விதை சோதனை விதை பெருக்கம்னு 28 வருஷம் ஓடிப்போச்சு.

முதல்ல உப்பு செடிய என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சுக்குங்க, இதுல சந்தேகமே கிடையாது, உலகம் பூரா பாத்து உறுதி பண்ணின விஷயம். அடி ரெண்டு விதமா விழுது. மண்ணுல உப்பு ஏறின அன்னைக்கே முதல் அடி. ஊறுகாய்க்கு உப்பு போட்டா மாங்காயிலேருந்து தண்ணி வெளிய வருதுல்ல, அதே மாதிரி மண்ணுல உப்பு கூடினா வேரால தண்ணிய இழுக்க முடியாது, வயல்ல தண்ணி நின்னாலும் செடிக்கு தாகம்தான், வளர்ச்சி அப்படியே மந்தமாயிடும். ரெண்டாவது அடி மெதுவா வரும், பத்து நாள் பதினஞ்சு நாள் கழிச்சு. தண்ணியோட சேர்ந்து சோடியம் உள்ள ஏறி இலையில தங்கிடும், இலை ஆவியா விடுறது வெறும் தண்ணிய மட்டும்தான், உப்பு வெளிய போக வழி இல்லாம நாளுக்கு நாள் சேரும், அதனாலதான் ரொம்ப நாளா நிக்கிற பழைய இலைதான் முதல்ல சாகும், நுனியிலேருந்து வெளுத்து கீழ இறங்கும். பொட்டாசியம் செய்ய வேண்டிய வேலையில சோடியம் வந்து உக்காந்துக்கும், செல்லுக்குள்ள எல்லா வேலையும் கெட்டுப்போகும். புது இலை விடுற வேகத்த விட பழைய இலை சாகுற வேகம் கூடுதலா போச்சுன்னா அந்த நாத்து அவ்வளவுதான்.

நெல்லு இதுல ரொம்ப நோஞ்சான். மண்ணுல இருக்குற தண்ணியோட ஈசி, அதாவது மின்சாரத்த கடத்துறத வச்சு உப்ப காட்டுற அளவு, 3 தாண்டினா மகசூல் குறைய ஆரம்பிக்கும், அதுக்கு மேல ஒவ்வொரு புள்ளிக்கும் நூத்துக்கு 12 போயிடும்ங்கிறது ரொம்ப நாளா எல்லாரும் வச்சிருக்குற கணக்கு. கோதுமை 6 வரைக்கும் தாங்கும், வாற்கோதுமை 8, பருத்தியும் கிட்டத்தட்ட 8. கரும்பு நெல்ல விட மோசம், 2 வர்றதுக்குள்ளயே குறைய ஆரம்பிச்சிடும். ஈசி 3ன்னா லிட்டருக்கு ஏறக்குறைய 2 கிராம் உப்பு. கடல் தண்ணியில லிட்டருக்கு 35 கிராம் இருக்கு. அதாவது நல்ல தண்ணி பதினேழு குடத்துக்கு கடல் தண்ணி ஒரே ஒரு குடம் கலந்தா போதும், நெல்லுக்கு ஆகாது. நாக்குல வச்சா லேசா கரிக்குதேன்னு விட்டுடுவோம், நெல்லுக்கு அதுவே ஜாஸ்தி.

இப்ப உங்க கரையில நிக்கிற புல்லு. நீங்க போட்ட ஃபோட்டோ தெளிவா இல்ல, ஆனா நீங்க சொல்ற இடத்த வச்சு பாத்தா அது ஒரைசா கோஆர்க்டேட்டாதான்னு நெனைக்கிறேன், நெல்லுக்கு தூரத்து சொந்தம், சிந்து நதி முகத்துவாரத்துலேருந்து சுந்தரவனம் வரைக்கும், அங்கேருந்து நம்ம ஐராவதி வரைக்கும் சேத்துக் கரையில வளர்றது. வங்காளத்துல தானி காஸ்னு சொல்லி மாட்டுக்கு போடுறாங்க. அதுதானான்னு உறுதி பண்ண ஒரு வழி இருக்கு. மழை இல்லாத நாள்ல, ஓதம் வடிஞ்சு வத்தமாகி வெயில் ஏறினதுக்கு அப்புறம், பத்து பத்தரை மணிக்கு போய் ஒரு இலைய ஒடிச்சு மேல்பக்கத்த வெயிலுக்கு சாய்ச்சு பாருங்க. இலை வெண்டைக்கா தோலு மாதிரி வரிவரியா மேடும் பள்ளமுமா இருக்கும், அந்த வரியில பொடிப்பொடியா மினுக்கும். விரலால தடவுனா நறநறன்னு ஒட்டும், நாக்குல வச்சீங்கன்னா சுத்தமான உப்பு. நான் முதல் தடவை அத பாத்தப்ப ரொம்ப நேரம் அந்த இலைய கீழ போட மனசு வரல. இலையோட மேல்பக்கம் கண்ணுக்கு தெரியாத சின்னச் சின்ன முடி இருக்கு, உள்ள ஏறின உப்ப அதுக்குள்ள தள்ளி சேர்த்து வச்சு, நெறஞ்சதும் வெளிய கொட்டிடும், அடுத்த ஓதம் வந்து கழுவிட்டு போயிடும். நம்ம வயல் நெல்லுக்கு அப்படி ஒரு கழிவு வாசல் கிடையவே கிடையாது.

சரி, விதைய எடுத்து போட்டா வருமான்னா, நீங்க நெனைக்கிற மாதிரி வராது. அது விதைய நம்பி வாழ்ற செடி இல்ல, சேத்துக்குள்ள கிழங்கு மாதிரி தண்டு ஓட விட்டு பரவுறது. கதிர் சின்னது, மணி கொஞ்சம், பழுத்ததும் உதிர்ந்துடும், காய வச்சு எடுத்து வைக்கலாம்னா முளைப்பு செத்துப்போகும், ஈரத்தோட இருந்தாத்தான் உயிரு. நட்டு வளத்தாலும் ஒரு கூடை நெல்லு தேறாது. உப்புல உயிரோட நிக்கிறது வேற, உப்புல நின்னு நமக்கு மணி குடுக்குறது வேற. உப்ப வெளிய தள்ள, உள்ள பூட்டி வைக்க, எல்லாத்துக்கும் செடிக்கு சக்தி செலவு, அந்த சக்தி கதிருக்கு போக வேண்டியது. காட்டுச் செடிக்கு செத்துப்போகாம இருந்தாலே போதும். நம்ம முன்னோருங்க ஆயிரக்கணக்கான வருஷமா நல்ல தண்ணி வயல்ல நின்னு, உதிராத கதிரா, பெரிய மணியா பாத்து பாத்து எடுத்தாங்க, உப்ப தாங்குதான்னு பாக்க அங்க உப்பே இல்லையே, அதனால அந்த குணத்த யாரும் காப்பாத்தி வைக்கல.

அப்ப அந்த குணத்த மட்டும் எடுத்து நம்ம நெல்லுல ஏத்த முடியாதா? இங்கதான் தெரிஞ்ச விஷயமும் ஆசையும் கலந்து கெடக்கு, பிரிச்சு சொல்றேன். அந்த காட்டு நெல்லுக்கு குரோமோசோம் 48, நம்ம நெல்லுக்கு 24. ரெண்டையும் சேர்த்தா கரு தங்காது, தங்கினாலும் வளராது. பிலிப்பைன்ஸ்ல இருக்குற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துல 34,000 தடவை கலந்து பாத்து, மூணே மூணு கருவத்தான் காப்பாத்தி எடுக்க முடிஞ்சுது, அதுல ஒண்ணுதான் முளைச்சு செடியாச்சுன்னு 2013ல சொன்னாங்க. அந்த ஒரு செடிய வச்சு திரும்பத் திரும்ப நம்ம நெல்லோட கலந்து, காட்டு குணத்துல வேண்டாதத கழிச்சுக்கிட்டே வரணும், உதிர்றது, சின்ன கதிரு, படர்றது எல்லாமே கூட ஒட்டிக்கிட்டு வரும். அதுவும் இல்லாம உப்ப வெளிய தள்றது ஒரு ஜீனோட வேலை இல்ல, இலையோட அமைப்பே வேற, முடி வேற, வேர் வேற, எல்லாம் சேர்ந்து செய்யுற வேலை. அதனால யாராவது காட்டு நெல்லு ஏத்தின விதைன்னு பாக்கெட் கொண்டு வந்து குடுத்தா வாங்காதீங்க.

ஆனா எல்லாம் வீண்னு சொல்லல, நல்லா நடந்த கதையும் இருக்கு. பாஸ்தா செய்யுற துரும் கோதுமை உப்புக்கு ரொம்ப பயந்தது, அதுல பழங்காலத்து கோதுமை ஒண்ணுலேருந்து ஒரு ஜீன கலப்பு வழியாவே ஏத்தி, ஆஸ்திரேலியாவுல உப்பு வயல்லயே வச்சு பாத்து, நூத்துக்கு 25 வரைக்கும் மகசூல் கூடுச்சுன்னு 2012ல காட்டினாங்க. அந்த ஜீன் செய்யுறது ரொம்ப எளிமையான வேலை. வேர்லேருந்து இலைக்கு தண்ணி ஏறுற குழாய் ஓரமா நின்னு, போற சோடியத்த புடிச்சு வெளிய இழுத்து வேர்லயே நிறுத்திடும், இலைக்கு போற தண்ணி சுத்தமா போகும். நெல்லுலயும் இதோட அண்ணன் தம்பி ஜீன் இருக்கு, 2005ல நோனா பொக்ராங்கிற வங்காள நாட்டு நெல்லுல கண்டுபிடிச்சாங்க. கலாபகோஸ் தீவு கடற்கரை தக்காளி ஒண்ணு கடல் தண்ணி அளவு உப்புலயும் சாகாம நிக்குதுன்னு 1976லயே காட்டியாச்சு, ஆனா அதோட பழம் சின்னது, அந்த தாங்குற குணத்த முழுசா பெரிய தக்காளிக்கு கொண்டு வர்றது இன்னும் பெரும்பாடா இருக்கு. நாம சாப்பிடுற பீட்ரூட்டு மட்டும் இதுல குடுத்து வச்சது, அதோட மூதாதையே ஐரோப்பா கடற்கரையில வளர்ற செடி, அந்த ரத்தம் இன்னும் ஓடுது. மொத்தத்துல, லேப்ல தொட்டியில வச்சு ஒரு ஜீன ஏத்தி உப்ப தாங்குதுன்னு வர்ற செய்திய பாத்தா உடனே நம்பிடாதீங்க, தொட்டியில உப்பு ஒரே அளவா இருக்கும், வயல்ல காலையில ஒண்ணு சாயந்தரம் ஒண்ணு, வரப்பு ஓரம் ஒண்ணு நடு வயல்ல ஒண்ணு.

உங்களுக்கு உபயோகப்படுற சொந்தம் காட்டு நெல்லு இல்ல, கடலோர விவசாயிங்க காலங்காலமா வச்சிருக்குற நாட்டு நெல்லுதான். கேரளாவுல பொக்காளி, நம்ம தமிழ்நாட்டு கடலோரத்துல குழியடிச்சான், களர்பாளை. பொக்காளியிலேருந்து எடுத்த சால்டால்னு ஒரு குணப்பகுதிய, நெல்லோட ஒண்ணாம் குரோமோசோம்ல இருக்குறது, கலப்பு வழியா பல நாட்டு ரகத்துல ஏத்தியிருக்காங்க. பங்களாதேஷ் 2007ல விட்ட ‘பிரி தான் 47’ (BRRI dhan47) ங்கிற ரகமும் உப்பு நிலத்துக்குன்னே வந்தது, அவங்க டெல்டாவும் நம்ம டெல்டாவும் அக்கா தங்கச்சி மாதிரி. இங்கயும் உப்பு தாங்குற ரகம் யெஸின்லேருந்து வந்திருக்கு, உங்க டவுன்ஷிப் வேளாண் ஆபீஸ்ல ஸாபௌ நிலத்துக்குன்னு, அதாவது உப்பு நிலத்துக்குன்னு, கேட்டா சொல்வாங்க, பை மேல லேபிள் இல்லாத விதைய மட்டும் வாங்காதீங்க. ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க, சால்டால் காப்பாத்துறது முக்கியமா நாத்துப் பருவத்துலதான். நெல்லு முளைக்கும்போது உப்ப ஓரளவு தாங்கும், நாத்துல தாங்காது, தூர் கட்டும்போது மறுபடி தாங்கும், கதிர் உருவாகுறதுலேருந்து பூக்குற வரைக்கும் மறுபடி தாங்காது. அப்ப உப்பு ஏறினா செடி பாக்க பச்சையா நல்லாத்தான் நிக்கும், அறுத்து தூத்துனா பூரா கருக்கா.

பொக்காளி விவசாயிங்க செய்யுறத நல்லா கவனிங்க, அதுலயே உங்க கேள்விக்கு பதில் இருக்கு. உலகத்துலயே பேர் வாங்கின உப்பு தாங்குற நெல்லு அவங்க கையில இருக்கு, ஆனாலும் அவங்க நேரா உப்பு சேத்துல விதைக்கிறது இல்ல. கோடையில அந்த வயல்ல இறால் வளப்பாங்க. மழைக்கு முன்னாடி வயல் மண்ண மேடு மேடா கூட்டி வைப்பாங்க, மழை பெஞ்சு மேட்டுல இருக்குற உப்பு கரைஞ்சு இறங்கினதுக்கு அப்புறம்தான் மேட்டு மேல முளைகட்டின விதைய போடுவாங்க, நாத்து ஒரு மாசம் வளந்து சுத்தியிருக்குற தண்ணியும் இனிப்பானதும் மேட்ட வெட்டி நாத்தோட பரப்பி விடுவாங்க. அந்த விதைக்கே அவ்வளவு பக்குவம் பண்ணுறாங்க.

2008 மே மாசம் நர்கீஸ் புயல் அடிச்சு நாலு வாரம் கழிச்சு நான் போகலே பக்கம் போயிருந்தேன். ரெண்டாள் ஒசரத்துக்கு கடல் வந்து போன வயல், வரப்பு மேல உப்பு பூத்து வெள்ளையா கெடந்துச்சு. ஒரு பெரியவர் மண்ண அள்ளி என் கையில குடுத்து இனிமே இது செத்த மண்ணான்னு கேட்டார், எனக்கு வாய் வரல, வீட்டுல யாரும் மிஞ்சாத மனுசன் அவர். ஆனா மீட்டர் வச்சு பாத்தப்ப, மழை நல்லா புடிச்சு, வரப்ப கட்டி தண்ணிய தேக்கி வடிச்ச வயல்ல உப்பு வாரத்துக்கு வாரம் எறங்கிச்சு, அந்த வருஷமே நட்டு அறுத்தவங்க நெறைய பேர். அங்க பெரிய கஷ்டம் உப்ப விட எருமை இல்லாததும் விதை இல்லாததும்தான். நம்ம டெல்டாவுக்கு அஞ்சாறு மாசத்துல கொட்டுற மழை 2500 மில்லிமீட்டருக்கு மேல, அத விட பெரிய மருந்து எந்த கடையிலயும் கிடையாது.

அதனாலதான் ஜிப்சத்துக்கு இப்போதைக்கு காசு போடாதீங்கன்னு சொல்றேன். ஜிப்சம் களர் மண்ணுக்கு, அதாவது சோடியம் மண்ணுலயே ஒட்டிக்கிட்டு, பிஹெச் எட்டரைக்கு மேல போய், மழை பெஞ்சா வழவழன்னு காஞ்சா கல்லு மாதிரி ஆகுற மண்ணுக்கு, மேல் பர்மா வறண்ட பகுதியில அந்த மாதிரி இருக்கு. உங்களுது கடல் தண்ணி ஏறுற உவர் மண்ணு மாதிரி தெரியுது, கழுவி விட்டா போகும். மண்ண டெஸ்ட் பண்ணாம ஃபோட்டோ பாத்து நான் இத உறுதியா சொல்ல முடியாது, பொட்டாஷ் பத்தாக்குறையிலயும் பழைய இலை நுனி கருகும். பிஹெச்சும் ஈசியும் ரெண்டும் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. இன்னொன்னு, உங்க வயல் முன்னாடி கனஸோ காடா, அலையாத்திக் காடா இருந்த இடம்னா ரொம்ப ஆழமா வெட்டாதீங்க, அடியில இருக்குற கருப்பு சேறு காத்துப் பட்டா மஞ்சளா பொரிஞ்சு புளிப்பேறிடும், அது உப்ப விட பெரிய தலைவலி.

இந்த வருஷம் செய்ய வேண்டியது. முதல்ல ஒரு ஈசி மீட்டர், பேனா அளவுதான் இருக்கும், நாலு வீட்டுக்காரங்க சேர்ந்து வாங்குங்க. வாய்க்கா தண்ணிய ஓதம் ஏறும்போது ஒரு தடவை, வத்தத்துல ஒரு தடவை அளந்து நோட்டுல எழுதுங்க, ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு பாத்தா நீங்களே அசந்து போவீங்க. அமாவாசை பௌர்ணமிய ஒட்டி உப்பு இன்னும் உள்ள தள்ளி வரும், அந்த நாள்ல மதகு மூடித்தான் இருக்கணும், தண்ணி எடுக்கணும்னா வத்தத்துல எடுங்க. நாத்தங்கால வாய்க்கா ஓரத்துலேருந்து மாத்தி வீட்டுப் பக்கம் மேட்டுல போடுங்க, குளத்து தண்ணியோ மழைத்தண்ணியோ மட்டும் பாய்ச்சுங்க. முதல் மழைய நம்பி விதைக்காதீங்க, முதல் மழை கழுவத்தான், வயல்ல ரெண்டு தடவை தேக்கி, சேறு அடிச்சு, கலங்கல் தண்ணிய அப்படியே வத்தத்துல வடிச்சு விடுங்க, ஈசி 3க்கு கீழ வந்ததும் நடுங்க. நாத்து 20 நாள்ல புடுங்காம 30, 35 நாள் விடுங்க, குத்துக்கு மூணு நாலா, கொஞ்சம் நெருக்கி நடுங்க, முத்தின நாத்து உப்புக்கு அவ்வளவு சீக்கிரம் மடங்காது. நட்டதுக்கு அப்புறம் வயல காய விடவே கூடாது, தண்ணி இறங்கினா அடியில இருக்குற உப்பு மேல ஏறிடும்.

உளுந்துக்கு மேல சொன்ன ரகம், நாட்டு நெல்லு எதுவும் உதவாது, உளுந்தும் உப்புக்கு ரொம்ப நோஞ்சான். டிசம்பர் தாண்டி மழை ஈரம் குறைய குறைய வெயில் அடியில இருக்குற உப்ப திரி மாதிரி மேல இழுக்கும், பிப்ரவரியில உங்க உளுந்து சாகுறது அதனாலதான். நெல்ல அறுத்த கையோட, ஈரம் இருக்கும்போதே விதைச்சு, வைக்கோல எரிக்காம மேல பரப்பி விடுங்க, அது வெயில தடுக்கும். வாய்க்காய ஒட்டின ரெண்டு ஏக்கர்ல மட்டும் உளுந்த விட்டுட்டு சூரியகாந்தி போட்டு பாக்கலாம், அது உளுந்த விட நல்லாவே தாங்கும். உளுந்து விலை நல்லா இருக்குறப்ப இத கேக்க கஷ்டமாத்தான் இருக்கும், தெரியும்.

புது ரக விதை கையில கெடச்சா நேரா ஆறு ஏக்கர்லயும் போடாதீங்க. மூணு பழைய டப்பாவுல ஓட்டை போடாம சேறு போட்டு, உங்க பழைய விதையும் புது விதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, ரெண்டு வாரம் நல்ல தண்ணியில வளத்துட்டு, அப்புறம் ஒண்ணுக்கு வெறும் தண்ணி, ஒண்ணுக்கு லிட்டருக்கு 3 கிராம் உப்பு கரைச்ச தண்ணி, ஒண்ணுக்கு 7 கிராம் கரைச்ச தண்ணி விடுங்க. அடுத்து தண்ணி குறையுறப்ப எல்லாம் வெறும் தண்ணிய மட்டும் விட்டு அதே மட்டத்துக்கு கொண்டு வாங்க, திரும்ப உப்பு சேர்க்க வேண்டாம். பத்தாம் நாள் ஒரு தடவை, பதினாறாம் நாள் ஒரு தடவை, கடைசியா விட்ட குருத்து பச்சையா விரிஞ்சிருக்கா இல்ல சுருண்டிருக்கான்னு பாருங்க, 7 கிராம் டப்பாவுலதான் எந்த விதை எப்படின்னு தெரியும். அந்த டப்பா ஃபோட்டோவையும் வாய்க்கா தண்ணி ரீடிங் ஒரு மாசத்துதையும் இங்கயே போடுங்க தம்பி, எந்தத் தேதியில நாத்து விடலாம்னு உக்காந்து கணக்கு பாப்போம்.